காதுக்கு எவ்வளவு காசு?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ரிச்மண்டில் கென் ஃபிரிட்ஸ் என்றொருவர் வாழ்ந்தார். ஃபைபர்கிளாஸ் அச்சுகள் செய்து தருவது தொழில். உலகத்திலேயே உயர்ந்த ஸ்டீரியோ செட் தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கிளம்பினார். 27 வருஷம் ஆனது. பத்தடி உயர ஸ்பீக்கர்கள் மூன்று, ஒவ்வொன்றும் அறுநூறு கிலோவுக்கு மேல். பிள்ளைகளையும் விடாமல் வேலைக்கு இழுத்தார். செலவு ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். அவரைப் பற்றி டாக்குமென்டரிகூட வந்தது. 2022-ல், ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் முற்றி, 80 வயதில் போய்ச் சேர்ந்தார். செட்டைப் பிரித்து ஆன்லைனில் ஏலம் விட்டார்கள். வந்தது 1,56,800 டாலர். போட்டதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

படித்ததும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் ஃபிரிட்ஸ் ஒரு விஷயத்தில் நம்மூர் ஆடியோ பிரியர்கள் பலரைவிடக் கெட்டிக்காரர். பாட்டுக் கேட்பதற்கென்றே, பழைய இசையரங்குகளின் பாணியில், பெரிய கூடம் ஒன்றைக் கட்டினார். நாமோ அறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

நம்மூரில் இந்த வியாதி தொடங்கும் விதமே வேறு. நாற்பது ஐம்பதாயிரத்துக்கு ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்குவோம். புது செட்டில் முதல் மாதம் எல்லாப் பாட்டும் புதுப் பாட்டு. ரெண்டாவது மாதம் யாராவது வந்து, “ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, ஆம்ப்தான் இதுக்குப் பத்தாது” என்பார். ஆம்ப் மாறும். பிறகு டாக், அதாவது டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றித் தரும் பெட்டி. அதற்கப்புறம் கேபிள். கேபிளும் முடிந்தால் கரன்ட். ஜப்பானில் ஒரு வழக்கறிஞர், பக்கத்து வீட்டு மின்சார ‘அழுக்கு’ தன் செட்டுக்குள் வரக் கூடாதென்று சுமார் பத்தாயிரம் டாலர் செலவில் சொந்தமாக மின்கம்பமே நட்டுக்கொண்டார். இந்தப் படிக்கட்டில் எந்தப் படி வரை ஏறினால் காதுக்குப் பலன், எந்தப் படியிலிருந்து வெறும் மனப்பால் என்பதுதான் கேள்வி.

கண்ணை மூடினால்...

இதற்குப் பதில் தேடி ஐம்பது வருஷமாகச் சோதனை நடத்தி வருகிறார்கள். முறை எளிது. எந்தச் சாதனம் ஒலிக்கிறது என்று சொல்லாமல், கேட்பவர் காதை மட்டும் நம்ப வைப்பது.

1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ என்ற அமெரிக்கப் பத்திரிகை இப்படி ஒரு சோதனையை வெளியிட்டது. 219 டாலர் ரிசீவரில் தொடங்கி 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை வரிசையாக வைத்து, ஒலியளவைச் சமமாக்கி, திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். எல்லா ஆம்பும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும் என்பவர்களும் இருந்தார்கள், வித்தியாசம் நிச்சயம் உண்டு என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். முடிவில் இரு தரப்பின் மதிப்பெண்ணும் குத்துமதிப்பாகச் சொன்னால் வரும் மதிப்பெண்தான். அந்தப் பத்திரிகைக்கு வந்த திட்டுக்குக் கணக்கில்லை.

ஸ்பீக்கரில் கதையே வேறு. கண்ணை மூடிக்கொண்டாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் கண்ணைத் திறந்ததும் கூத்து ஆரம்பமாகும். 1994-ல் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளர், ஹர்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை உட்கார வைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். திரைக்குப் பின்னால் இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய, பிளாஸ்டிக்கில் செய்த சின்ன மலிவு செட், திரையை எடுத்ததும் சரிந்தது. பார்க்க லட்சணமான பெரிய பெட்டிகள் மேலே ஏறின. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தால் ஒலி நிஜமாகவே மாறும். கண்ணை மூடியிருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள், பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் கோட்டைவிட்டார்கள். இத்தனைக்கும் ஆடியோ கம்பெனியிலேயே சம்பளம் வாங்குகிறவர்கள்.

ஷோரூமில் என்ன நடக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். “சார், இப்ப இதைக் கேளுங்க, ஒரு திரை விலகின மாதிரி இருக்கும்” என்று சொல்லிவிட்டு விற்பவர் அடுத்த ஆம்பைப் போடுகிறார். நிஜமாகவே திரை விலகுகிறது! அது அரை டெசிபல் சத்தம் கூடினதால் விலகிய திரையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. இவ்வளவு சின்ன ஏற்றத்தைக் காது ‘சத்தம் கூடியது’ என்று உணராது, ‘தெளிவு கூடியது’ என்றே எடுத்துக்கொள்ளும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது.

இதை வீட்டிலேயே சரிபார்க்க, எலெக்ட்ரீசியன் கையில் இருக்கும் மல்டிமீட்டர் போதும். தொடர்ச்சியாக ஒலிக்கும் ஒரு 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனையில் அளக்க வேண்டும். பழைய ஆம்பில் 2.00 வோல்ட் என்றால் புதிய ஆம்பிலும் 2.00 வரும்வரை வால்யூமைத் திருப்ப வேண்டும். ஒரு சதவீத வித்தியாசம் இருந்தாலும் அது பத்தில் ஒரு டெசிபலுக்குக் கீழே, பரவாயில்லை. பிறகு டோனை நிறுத்திவிட்டு உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டைப் போடுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் பார்வையில் படாமல் காசைச் சுண்டி, தலை விழுந்தால் இது, பூ விழுந்தால் அது என்று மாற்றட்டும். பத்துத் தடவையில் ஒன்பது சரியாகச் சொல்லிவிட்டால் தாராளமாகப் புதிய ஆம்பை வாங்குங்கள். குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஐந்தோ ஆறோ என்றால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

விற்பனைக்கு இல்லாத பெட்டி

அந்த வேலை நடக்க வேண்டிய இடம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறை. செட்டில் இருக்கும் மிகப் பெரிய பெட்டி அதுதான். எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி அலையில் பாதி கச்சிதமாகப் பொருந்தினால், அந்தச் சுருதியை அறையே பிடித்துவைத்துக்கொண்டு முழங்கும். 12 அடி நீள அறைக்கு அது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். ரெண்டும் பேஸ் கிட்டார் வாசிக்கிற எல்லையிலேயே இருக்கின்றன. அமெரிக்க வீடுகளில் சுவர் என்பது பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் ஒலியில் கொஞ்சம் அதில் அதிர்ந்தே கரைந்துவிடும். நம்முடையது செங்கல்லும் கான்கிரீட்டும். உள்ளே வந்த பேஸுக்கு வெளியே போக வழியே கிடையாது.

பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். மூலையில் நின்றால் ‘பூம்’ என்று வயிற்றைத் தூக்கும். அறையின் நட்டநடுவே வந்தால் சில சுரங்கள் காணாமலே போகும். ரெண்டடி தள்ளி நின்றால் திரும்பி வரும். அதே பாட்டு, அதே ஆம்ப், அதே கேபிள். இந்த ஏற்ற இறக்கம் பத்துப் பதினைந்து டெசிபல் வரை போவது சாதாரணம். ஆம்புக்கு ஆம்ப் இருக்கும் வித்தியாசமோ டெசிபலில் ஒரு துளி. ரெண்டு லட்சம் கொடுத்து ஆம்பை மாற்றுபவர், பின் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருக்கும் சோபாவை ரெண்டடி முன்னால் இழுத்துப் போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது எதிரொலி. டைல்ஸ் தரை, சிமென்ட் கூரை, பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கும் ஹாலில் ஒரு தடவை கையைத் தட்டினால் ‘டர்ர்ர்’ என்று ஒரு கிறீச்சொலி வரும். பாடகரின் ஒவ்வொரு ‘ச’வுக்கும் ‘ஷ’வுக்கும் பின்னால் அந்த டர்ர்ர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சின்ன வித்தை இருக்கிறது. நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒரு முகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி சுவரில் பட்டுத் தெறித்து உங்கள் காதுக்கு வருகிறது. அந்த இடத்தில் ஒரு புத்தக அலமாரியோ, ஏ.சி. டக்ட் வேலைக்கு வாங்கும் ராக்வூல் பலகையைத் துணியால் மூடி மாட்டினதோ இருந்தால் போதும். தரைக்குப் பவானி ஜமுக்காளம் அழகுதான். ஆனால் மெல்லிசு என்பதால் உச்ச ஒலிகளை மட்டுமே கொஞ்சம் குடிக்கும். மடித்துப் போட்ட இலவம்பஞ்சு மெத்தை அதைவிட நன்றாக வேலை செய்யும். (முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.)

பேஸ் இதற்கெல்லாம் மசியாது. கனமான பொருளும் இடமும் வேண்டும், இல்லையேல் டி.எஸ்.பி., அதாவது ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் வசதி வேண்டும். ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளும், அளவீட்டுக்கென்றே விற்கும் ஒரு யு.எஸ்.பி. மைக்கும் இருந்தால், அறை எந்தச் சுருதியில் முழங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசரில் தட்டிவிடலாம். என்னைக் கேட்டால், இருபதாயிரம் ரூபாய்க்கு இதைவிடப் பெரிய அப்கிரேட் ஆடியோ உலகத்தில் கிடையாது.

ஆம்பும் ஒயரும்

87 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும். பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுவதற்கு அதுவே தாராளம். நாம் வழக்கமாகக் கேட்கும்போது ஆம்ப் கொடுப்பது ஒரு வாட்டுக்கும் குறைவு. தவிலும் டிரம்ஸும் உச்சத்துக்குத் தாவும் நொடிக்கு மட்டும் ஐம்பது அறுபது வாட் கையிருப்பு இருந்தால் நல்லது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான். மிகப் பெரிய ஹாலும், கரன்டை உறிஞ்சும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய ஆம்ப் தேவை. மற்றவர்களுக்கு இல்லை.

கேபிளை ஒரு கணக்கிலேயே முடித்துவிடலாம். பவர் பிளக்குக்கு இழுக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினாலும் தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒரு சதவீதம்கூட இல்லை. 2007-ல் 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி கேபிளுக்கும் சாதாரணக் கேபிளுக்கும் வித்தியாசம் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்று மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அறைகூவல் விட்டார். கேபிள் கம்பெனி பின்வாங்கிவிட்டது, சோதனை நடக்கவேயில்லை.

கரன்ட் விஷயத்தில் நம்மூர்க்காரர்களுக்கு நிஜக் கவலைகள் ரெண்டு உண்டு. ஒன்று, வோல்டேஜ் திடீரென்று எகிறிச் சாதனம் எரிவது. அதற்கு சர்ஜ் புரொடக்டர் வேண்டும், பொருளைக் காப்பாற்ற. ஒலி அதனால் மாறாது. இன்னொன்று, எர்த் கோளாறால் வரும் ‘ம்ம்ம்’ என்ற முனகல். அதற்குத் தேவை எலெக்ட்ரீசியன். மின்கம்பம் நட வேண்டாம்.

எந்தப் பாட்டு?

சி.டி. 1982-ல் வந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடக்கம். இன்றைய ஹை-ரெஸ் கோப்புகள் 96,000 ஹெர்ட்ஸ் வரைகூடத் தாங்கும். வௌவாலுக்குப் பயன்படும். இதில் ஒரு வேடிக்கை, செட்டுக்கு லட்சங்கள் செலவழிக்கக் கையில் காசு சேரும் ஐம்பது வயதில், பலருக்கு 12,000, 14,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது மூடிவிட்டிருக்கும். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் ஒலிக்கு நடுவே சி.டி. தரத்தைச் செருகிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 தடவையில் 276 சரி. காசு சுண்டினாலும் அதே கணக்குதான். 2016-ல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சி எடுத்தவர்கள் நூற்றுக்கு அறுபது அளவுக்குச் சரியாகச் சொல்வது தெரிந்தது. ஆக, வித்தியாசம் அறவே இல்லை என்று சாதிக்க முடியாது. லட்சம் கொடுக்கிற அளவுக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

“டிஜிட்டலே வேண்டாம், இசைத்தட்டுதான்” என்பவர்களுக்கு மொபைல் ஃபிடெலிட்டி கதையைச் சொல்ல வேண்டும். மூல டேப்பிலிருந்து நேராக வெட்டிய தட்டு என்று நம்பித்தான் அமெரிக்க ரசிகர்கள் இந்தக் கம்பெனியின் தட்டுகளைக் கொண்டாடினார்கள். 2022-ல் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை 125 டாலர் விலையில் 40,000 பிரதி போடப்போவதாக அறிவித்தார்கள். அவர்கள் முறைப்படி அதற்குத் திரும்பத் திரும்பப் புதிதாகத் தட்டு வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூல டேப்பை ஓட்ட யார் விடுவார்கள் என்று சிலருக்குச் சந்தேகம். அரிசோனாவில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் குட்டை உடைத்தார். 2011 முதலே பல தட்டுகளில் நடுவில் டிஜிட்டல் பிரதி இருந்திருக்கிறது! வழக்கு 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பத்து வருஷமாக, டிஜிட்டலைக் காதாலேயே மோப்பம் பிடிப்போம் என்றவர்கள்தான் அந்தத் தட்டுகளை அனலாக்கின் சிகரம் என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். தட்டுகள் நிஜமாகவே நன்றாகத்தான் ஒலித்தன. கவனமாக மாஸ்டரிங் செய்திருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்கள் இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவது 1978-ல் வந்த ‘ப்ரியா’. அதற்கு முந்தைய எம்.எஸ்.வி., கே.வி.எம். காலத்துப் பாட்டெல்லாம் மோனோ. மோனோ பாட்டில் வயலின் இடப்பக்கம், வீணை வலப்பக்கம் என்று பிரித்துக் காட்ட எந்தச் செட்டாலும் முடியாது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் எல்லாரும் நடுவில்தான் நிற்பார்கள். பழைய பாட்டுகளின் இன்றைய ஸ்ட்ரீமிங் பிரதிகளில் சில, இரைச்சலை எடுக்கிறேன் என்று உச்ச ஒலியையும் சேர்த்துச் சீவினவை. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, டி.டி.கே. கேசட்டில் பதிந்து வாங்கிக் கேட்ட தலைமுறைக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. நல்ல ஸ்பீக்கரில் போட்டால்தான் எல்லாம் அம்பலமாகும். செட் ஏற ஏற, கேட்கச் சகிக்கும் பாட்டு குறைந்துகொண்டே வரும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் யாரும் விளம்பரம் செய்யாத உண்மை.

மறுபக்கமும் உண்டு. நன்றாகப் பதிவான கச்சேரியை, சரியான ஸ்பீக்கரில், சரிசெய்த அறையில் கேட்டால் மிருதங்கத்தின் தொப்பியில் உள்ளங்கை அழுந்தி எழும் கும்காரம் தனியாக, உருண்டு வரும். மலிவு செட்டில் அது வெறும் ‘தொம்’. இந்த ஒரு வித்தியாசத்துக்காக ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் செலவழிக்கலாம், தப்பே இல்லை. பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு, அடுத்த பங்கு அறைக்கு, மிச்சம் ஆம்புக்கு. டாக் வேண்டுமென்றால் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு வரும் ஆப்பிள் ஹெட்போன் அடாப்டரே அளவீட்டில் கச்சிதமாக வேலை செய்கிறது. அறையைத் தொடவே முடியாது, வாடகை வீடு, தூங்கும் குழந்தை என்றால் இருபதாயிரத்துக்கு நல்ல ஹெட்போன். அறை என்ற தலைவலியே அதில் கிடையாது.

ரெண்டு மூன்று லட்சத்துக்கு மேல் போகிறவர்கள் ஒலிக்காக மட்டும் போகவில்லை. அலுமினியத்தில் கடைந்த முகப்பு, இருட்டில் மினுங்கும் வால்வு, விருந்தாளி கேட்கும்போது வரும் பெருமிதம் எல்லாம் சேர்த்துத்தான் விலை. அதில் கேவலம் ஒன்றுமில்லை. காஞ்சிபுரம் பட்டை யாரும் குளிருக்குப் போர்த்த வாங்குவதில்லை. பெருமைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி. கடன் வாங்கியோ, மாதத் தவணையிலோ வாங்கினால் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை.

அப்கிரேட் பித்துப் பிடித்தவர்களால் மற்றவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை செட்டை மாற்றுகிறவர்கள் பழையதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஸ்பீக்கரில் தேயும் பாகம் குறைவு என்பதால் பத்து வருஷப் பழசும் புதுசு போலவே ஒலிக்கும், ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்து வாங்கினால். உஃபர் கூம்பைச் சுற்றி இருக்கும் வளையம் ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் என்றால் விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் ஃபோம் சில வருஷங்களிலேயே உளுத்து, தொட்டால் பொடியாக உதிரும். உதிர்ந்தால் விலையில் மூவாயிரம் குறைக்கச் சொல்லுங்கள். வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டித் தருகிற மெக்கானிக் சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்.